நான் பார்த்த வேலையை எழுதிக் கொடுங்கள்: மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. முன்னாள் ஊழியர்கள் செய்த வேலைக்குச் சான்று சொல்லும் எந்த உறுதிமொழிப் பத்திரத்திலும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்கிறது அது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தச் சிக்கல் அந்த ஓர் இடத்தோடு நிற்கவில்லை. திறன்சார் குடியேற்ற விசாவுக்குத் தயாராகிறவர்களில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் ஒரு கடிதத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள். ஐந்தும் வேறு வேறு நிறுவனங்கள். எல்லோருக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "கம்பெனி பாலிஸி."

அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் துறையில் எங்களுக்குப் பதில் எழுதுகிறவருக்கே பல நேரம் இது தெரிவதில்லை. நாங்கள் கேட்பது ரிலீவிங் லெட்டர், அதாவது வேலையிலிருந்து விடுவித்ததைச் சொல்லும் கடிதம் இல்லை. அது கையில் இருக்கிறது. நன்னடத்தைச் சான்றும் இல்லை, சிபாரிசும் இல்லை. "இவர் சிறந்த ஊழியர்" என்று ஒரு வரிகூட வேண்டாம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இன்னின்ன வேலைகளைச் செய்தார் என்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, அவரைத் தொடர்புகொள்ள ஓர் எண் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த "இன்னின்ன வேலைகள்" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் விண்ணப்பிப்பது ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே திறன்சார் விசா கேட்பவர் முதலில் தன் தொழிலை மதிப்பிடும் அமைப்பிடம் போக வேண்டும். பொறியாளர்கள் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போவார்கள். எங்களைப் போன்ற கணினித் துறைக்காரர்களுக்கு ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி. சுருக்கமாக ஏ.சி.எஸ். ஒவ்வொரு தொழிலுக்கும் ஆன்ஸ்கோ என்ற பட்டியலில் ஓர் ஆறிலக்க எண் உண்டு. என்னுடையது 261312, டெவலப்பர் புரோகிராமர். அந்தத் தொழிலில் இருப்பவர் என்னென்ன செய்வார் என்பதும் அதே பட்டியலில் எழுதியிருக்கும். மதிப்பீடு செய்பவர் அதையும் என் கடிதத்தில் உள்ள வேலை விவரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். விவரமே இல்லாத கடிதத்தில் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. அந்தக் காலம் முழுவதும் கணக்கில் வராமல் போகும்.

என் பழைய நிறுவனம் எனக்குக் கொடுத்த கடிதத்தில் என் பதவி "அசோசியேட்" என்று இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து "சீனியர் அசோசியேட்." அந்த நிறுவனத்துக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கலாம். வெளியே இருப்பவருக்கு அது ஒன்றுமே சொல்வதில்லை. எங்கள் தளத்தில் டெஸ்டிங் செய்தவரும் அசோசியேட், சம்பளக் கணக்குப் பார்த்தவரும் அசோசியேட், என் பக்கத்து இருக்கையில் பயிற்சிக் கையேடு எழுதியவரும் அசோசியேட். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான கிளைம் பகுதியை ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதினேன். அதைச் சோதித்தேன், பிழை திருத்தினேன். நள்ளிரவில் தானாக ஓடும் பேட்ச் நிரல் பாதியில் நின்றால் என் போன்தான் அடிக்கும். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, தூங்குகிறவர்கள் விழித்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, எந்த வரியில் நின்றது என்று தேடிய இரவுகள் எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. "அசோசியேட்" என்ற ஒற்றைச் சொல்லில் அதெல்லாம் எங்கே இருக்கிறது?

இப்போது அந்த ஆஸ்திரேலிய விசாவுக்கான பாயிண்ட் கணக்கைச் சொல்கிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். உங்கள் துறையில் ஒரு கடிதம் கிடப்பில் கிடக்கும்போது வெளியே என்ன நடக்கிறது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

விண்ணப்பிக்கத் தகுதி பெற 65 பாயிண்ட் வேண்டும். ஆனால் 65 இருந்தால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவே. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் போகும். வயது 25 முதல் 32 வரை இருந்தால் 30 பாயிண்ட். 33 ஆகிவிட்டால் 25. 40 ஆனால் 15. 45 ஆகிவிட்டால் இந்தக் கதவே மூடிவிடும். இளநிலைப் பட்டத்துக்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 8 எடுத்தால் 20. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பார்த்த வேலை அனுபவம் 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் இல்லை. 3 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 5 பாயிண்ட், 5 முதல் 8-க்குள் என்றால் 10, 8 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 15. கடைசிப் 10 ஆண்டுக்குள் பார்த்த வேலை மட்டுமே இதில் சேரும்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஏ.சி.எஸ். நம் அனுபவத்தை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. படிப்பையும் வேலையையும் பொருத்திப் பார்த்து முதல் சில ஆண்டுகளைக் கழித்துவிடும். என்னைப் போல் கணினிப் பட்டம் படித்து அதே துறையில் வேலை பார்த்தவர்களுக்கு 2 ஆண்டு கழியும்.

முதல் நிறுவனத்தில் நான் 4 ஆண்டு 2 மாதம் இருந்தேன். என் அனுபவத்தைத் தொகுத்தபோது இரண்டாம் நிறுவனத்தில் 3 ஆண்டு 8 மாதம் ஆகியிருந்தது. இரண்டையும் கூட்டி 2 ஆண்டைக் கழித்தால் 5 ஆண்டு 10 மாதம். அதற்கு 10 பாயிண்ட். முதல் நிறுவனத்தின் கடிதம் இல்லாவிட்டால் 3 ஆண்டு 8 மாதத்தில் 2 ஆண்டு போய் மிஞ்சுவது 1 ஆண்டு 8 மாதம். அதற்கு ஒரு பாயிண்டும் கிடையாது. ஏறக்குறைய எட்டு ஆண்டு உழைப்பு ஒரு கடிதம் வராததால் சுழியாகிவிடும். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 20, கணவரின் ஆங்கிலத் தகுதிக்கு 5, அனுபவத்துக்கு 10 என்று 80 பாயிண்டோடு நிற்க வேண்டியவள் 70-ல் நிற்பேன்.

ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை எழுத்துப் பகுதியில் 7.5 தான் வந்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் யாரையும் நொந்துகொள்ளவில்லை. என் குறை, நான் சரிசெய்ய வேண்டியது. மூன்று மாதம் தினமும் ஒரு கட்டுரை எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினேன், கிடைத்தது. கணவரும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்துத் தேர்வு எழுதினார். நாங்கள் உழைத்துச் சேர்க்கக் கூடியதையெல்லாம் சேர்த்தோம். உழைப்பால் வாங்க முடியாத ஒன்று உங்கள் துறையின் கையெழுத்து மட்டும்தான்.

என் பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலின்போது என் 33-வது பிறந்தநாளுக்கு 11 மாதம் இருந்தது. நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். முன்னாள் ஊழியர்களுக்கென்று இருக்கும் தளத்தில் கோரிக்கை பதிந்தேன். என்னென்ன விவரம் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, கடிதத்தின் வரைவையும் நானே தயாரித்து இணைத்தேன். பன்னிரண்டாம் நாள் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. உள்ளே திறந்து பார்த்தால் ஏற்கெனவே என்னிடம் இருக்கும் ரிலீவிங் லெட்டரின் நகல். மறுபடி பதிந்தேன். மறுபடி அதே நகல். மூன்றாவது முறை, இது வேண்டாம், வேலை விவரம்தான் வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதினேன். 23 நாள் கழித்து இரண்டு வரியில் பதில்: நிறுவனக் கொள்கைப்படி பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி தவிர வேறு விவரம் தர இயலாது.

தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினார். "மேடம், எனக்குப் புரியுது. ஆனா எங்களுக்கு டெம்ப்ளேட் ஒண்ணுதான் இருக்கு. அதுல இந்த இடமே இல்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த டெம்ப்ளேட்டில் ஓர் இடத்தைச் சேர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

இப்படியே ஏழு மாதம் போனது. அப்புறம்தான் கடைசி வழிக்கு வந்தேன். நிறுவனம் கடிதம் தராதபோது, உடன் வேலை பார்த்த ஒருவர், முடிந்தால் மேலே இருந்தவர், இவர் இந்த வேலைகளைத்தான் செய்தார் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் தரலாம். கூடவே சம்பளச் சீட்டு, வரிப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

என் பழைய டீம் லீடிடம் கேட்டேன். இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். உடனே சரி என்றவர், இரண்டு நாள் கழித்து, "கொஞ்சம் பொறும்மா, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றார். மூன்று வாரம் ஆனது. நான் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். நோட்டரி அலுவலகத்தில் நீளமான மர பெஞ்ச். அதில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் மூன்று முறை படித்தார். நான் எழுதிய பகுதியில் ஒரு வரியை அடித்து, "இது நீ தனியா செய்யல, நாம மூணு பேர் செஞ்சோம், அப்படியே எழுது" என்றார். பக்கத்துக் கடையில் மாற்றி அச்செடுத்து வந்தேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார்: "இது ஆபீஸுக்குத் தெரியுமாம்மா?"

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பீட்டு அமைப்பு விசாரிக்கலாம், விசா அதிகாரி விசாரிக்கலாம், அப்போது தெரியலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுதியது உண்மையா என்று வரி வரியாகச் சரிபார்த்த ஒரு மனிதர், அந்த உண்மையின் கீழே பெயர் எழுதப் பயந்தார். இந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? உங்கள் சுற்றறிக்கை அப்போது வந்திருக்கவில்லை. இன்று வந்துவிட்டது. இனி அவரைப் போன்ற ஒருவர் அந்த பெஞ்சில் வந்து உட்காரவே மாட்டார்.

பத்திரம் தயாரானபோது பத்தாவது மாதம். மதிப்பீடு முடிந்து கையில் வந்தபோது எனக்கு 33 முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. வயதுக்கான பாயிண்ட் அழைப்பு வரும் நாளின் வயதை வைத்துத்தான். 30-ல் ஐந்து போனது. முதல் வாரத்திலேயே நீங்கள் கடிதம் தந்திருந்தால் நான் 80 பாயிண்டோடு பல மாதம் வரிசையில் நின்றிருப்பேன். இப்போது 75-ல் நிற்கிறேன். அந்த ஐந்தை நான் இனி எந்தத் தேர்வு எழுதியும் திரும்ப வாங்க முடியாது.

எனக்காவது கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார். என் தோழி ஒருத்திக்கு அதுவும் இல்லை. அவள் குழந்தைக்காக மூன்று ஆண்டு வேலையை விட்டவள். திரும்பி வந்து பார்த்தால் பழைய மேலாளர் எங்கே போனார் என்றே தெரியவில்லை, நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியிருந்தது. வாங்கியவர்கள் "உங்கள் பதிவு எங்கள் சிஸ்டத்தில் வரவில்லை" என்கிறார்கள். இடைவெளி எடுத்த பெண்களுக்கு அந்த 10 ஆண்டுக் கணக்கு ஏற்கெனவே இறுக்கமானது. பழைய வேலைதான் அவர்களுக்கு இருக்கும் பெரிய பலம். அதையும் நிரூபிக்க முடியாவிட்டால் அவள் என்ன செய்வாள்?

ஆஸ்திரேலியா மட்டும்தான் இப்படிக் கேட்கிறது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் கேட்கும் கடிதம் இதைவிட விரிவானது. வகித்த பதவிகள், வேலை விவரம், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், பிற பலன்கள் எல்லாம் லெட்டர்ஹெட்டில், மேலாளர் அல்லது மனிதவள அதிகாரியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அங்கே அழைப்பு வந்த பிறகு 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அதே 60 நாள்தான். உங்கள் துறை ஒரு மின்னஞ்சலுக்கு 23 நாள் எடுத்துக்கொண்டால் மிச்சம் எத்தனை நாள் இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

வேலை விவரம் ரகசியம் என்கிறீர்கள். வாடிக்கையாளரின் பெயரை நாங்கள் கேட்கவில்லை, நிரலையும் கேட்கவில்லை. ஜாவாவில் எழுதினார், சோதித்தார், பிழை திருத்தினார், ஆவணம் தயாரித்தார் என்பதில் எந்த ரகசியம் இருக்கிறது? என்னை வேலைக்கு எடுக்க நீங்கள் கொடுத்த விளம்பரத்தில் இந்தப் பொறுப்புகள் அத்தனையும் வரிசையாக இருந்தன. உலகமே படிக்கும்படி நீங்களே வெளியிட்டதை, செய்து முடித்த பிறகு எனக்கு எழுதிக் கொடுக்க மறுக்கிறீர்கள்.

சட்டச் சிக்கல் வரும் என்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் என்ன சிக்கல்? என் வரைவில் ஒரு வரி மிகை என்றால் அடித்துவிடுங்கள். அண்ணா அடித்தார், நான் மாற்றினேன்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் இதே நிறுவனம் தன் தேவைக்கு ஒருவரை வெளிநாடு அனுப்பும்போது எவ்வளவு வேகமாக எழுதும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் குழுவில் ஒருவருக்கு அமெரிக்க ஹெச்-1பி வேலை விசாவுக்காகத் தயாரான கடிதத்தைத் தொழில்நுட்பச் சொற்கள் சரியா என்று பார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். வேலை விவரம் மட்டும் ஒன்றரைப் பக்கம். எந்த வேலைக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்பது வரைக்கும் இருந்தது. நான்கு நாளில் கையெழுத்தாகிவிட்டது. அதாவது எழுதும் வழி தெரியும், எழுதும் ஆளும் உண்டு. விலகிப் போனவருக்காக எழுத வேண்டும் என்றால்தான் டெம்ப்ளேட்டில் இடம் இல்லை.

கடிதம் எளிதாகக் கிடைத்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு மேலாளர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். நான் ஏற்கெனவே கிளம்பியவள். மூன்று மாத நோட்டீஸையும் முழுதாகப் பார்த்து, என் இடத்துக்கு வந்தவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என்னைப் பிடித்துவைத்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. நீங்கள் மறுக்கும் கடிதம் வெளியே விலைக்குக் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டாக இருந்தாலும் "செய்து தருகிறோம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கே ஒருவர் சொன்னார். ஏழு மாதம் அலைந்து, வயது ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சைக் கேட்பவர் மனநிலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய விசா விதிகளில் பொது நலன் விதி 4020 என்று ஒன்று இருக்கிறது. போலி ஆவணம் கொடுத்ததாகத் தெரிந்தால் விசா மறுப்போடு போகாது, அடுத்த 3 ஆண்டுக்கும் அந்தத் தடை தொடரும். அடையாளத்திலேயே பொய் என்றால் 10 ஆண்டு. உண்மையாகவே வேலை பார்த்த ஒருவர், உண்மையான கடிதம் கிடைக்காததால் பொய்க் கடிதத்தில் போய் விழுகிறார். செய்தது அவருடைய தவறுதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவரை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டதில் உங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் பெயரில் போலி லெட்டர்ஹெட் உலவுவது உங்களுக்கும் நல்லதில்லை.

இப்போது வேலையில் இருப்பவர்களின் நிலை வேறு மாதிரி. அவர்கள் கேட்கவே பயப்படுகிறார்கள். கடிதம் கேட்டால் "எதுக்கு?" என்ற கேள்வி வரும், உண்மையைச் சொன்னால் அடுத்த அப்ரைசலில் அது தெரியும். திறன்சார் விசா என்பது இன்று கேட்டு நாளை கிளம்புவது இல்லை. தயாராகவே ஓராண்டு போகும், அழைப்புக்கு எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது, வராமலும் போகலாம். அத்தனை காலமும் அவர் உங்களிடம்தான் வேலை பார்க்கப் போகிறார். ஒரு கடிதம் கேட்டதற்காக அவரைப் பாதி விலகியவராக நடத்துவது நியாயம் இல்லை.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். நிறுவனம் கடிதம் தராவிட்டால், தன் கீழ் வேலை பார்த்தவருக்கு உண்மையை எழுதித் தரும் உரிமை மேலாளருக்கு இருக்க வேண்டும். தனிப்பட்ட முறையில் கையெழுத்துப் போடுகிறார் என்பது தெளிவாக இருக்கட்டும், நிறுவனத்தின் பெயரால் அல்ல என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்காக அவர்மேல் நடவடிக்கை இல்லை என்பதை எழுத்தில் சொல்லுங்கள். இதே போன்ற விதி உங்கள் நிறுவனத்திலும் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் டெம்ப்ளேட்டில் வேலை விவரத்துக்கு இடம் சேருங்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், இடையில் பதவி மாறியிருந்தால் மாறிய நாள், முழு நேரமா பகுதி நேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாட்டில் வேலை பார்த்தார், ஒவ்வொரு பதவியிலும் செய்த வேலைகள். கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல், தொலைபேசி. வரைவை ஊழியரே தரட்டும், மேலாளர் சரிபார்க்கட்டும், உங்கள் துறை கையெழுத்துப் போடட்டும். கோரிக்கை வந்த 15 வேலை நாளுக்குள் இது முடிய வேண்டும். முடியாது என்றால் அந்த மறுப்பையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். தீர்க்கப்பட்டது என்று மூடிவிடாதீர்கள்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு ரிலீவிங் லெட்டரோடு இந்தக் கடிதத்தையும் கேட்காமலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அப்போது மேலாளர் அங்கேயே இருப்பார், செய்த வேலை எல்லோருக்கும் நினைவில் இருக்கும். ஆறு ஆண்டு கழித்து யாரும் யாரையும் தேட வேண்டி வராது. வேலையில் இருப்பவர் கேட்டால் எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் அந்தப் பதில் அவருடைய மேலாளருக்குப் போகக் கூடாது.

வேலைப் பதிவுகளைக் குறைந்தது 10 ஆண்டாவது வைத்திருங்கள். நிறுவனத்தை விற்கிறபோதும் இணைக்கிறபோதும் அந்தப் பதிவுகளும் சேர்ந்து கைமாற வேண்டும், அவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். சரிபார்ப்புக்காக வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து அழைப்போ மின்னஞ்சலோ வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருவரை நியமியுங்கள். வரவேற்பில் இருப்பவர் "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லும் ஒற்றை வாக்கியம், கொடுத்த ஆவணம் போலியோ என்ற சந்தேகத்தைக் கிளப்பப் போதும்.

கடைசியாக, என் பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நீங்கள் இதைப் படித்தால் யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் இன்னும் வரிசையில்தான் இருக்கிறேன். அழைப்பு வந்தால் என் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்களிடம் விசாரிக்கலாம். நான் அனுப்பிய வரைவு உங்கள் தளத்தில் மூன்றாவது கோரிக்கையோடு அப்படியே இருக்கிறது. அண்ணா அடித்துத் திருத்திய வரியைச் சேர்த்து புதிய வரைவை இன்று காலை மறுபடி பதிந்திருக்கிறேன். அதைப் படித்துப் பாருங்கள், எங்கே தவறு என்று தோன்றுகிறதோ அங்கே திருத்துங்கள். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அண்ணா மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தில் 4 ஆண்டு 2 மாதம் நிரல் எழுதிய ஒரு முன்னாள் ஊழியர்